வடிவு கேட்ட கேமரா

உக்காருங்க தம்பி. கடைப்பொண்ணு ராபியா உள்ள ஒரு கல்யாண ஆல்பக்காரங்ககூட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கு, இப்போதைக்கு வராது. அந்த நாற்காலி வேண்டாம், அது ஆடும். இதுல உக்காருங்க. இந்தக் கடையில எது ஆடும், எது ஆடாதுன்னு எனக்கு அத்துப்படி. அவ்வளவு நேரம் இங்க உக்காந்திருக்கேன்.

மொத கேமரா வாங்க வந்திருக்கீங்க. சரிதானே? அலமாரிக்கு முன்னால நின்னு சின்னதப் பாக்கறீங்க, அப்பறம் பெரிசப் பாக்கறீங்க, மறுபடி சின்னதுக்கு வாறீங்க. நானும் அப்படித்தான் நின்னேன். எனக்கில்ல, எம்பொண்டாட்டிக்கு.

நமக்குக் கோவில்பட்டி. பேரு தளவாய். நூல் மில்லுல பர்ச்சேஸ் செக்‌ஷன்ல இருந்து ரிட்டயர் ஆனவன். வாங்கறதுதான் எனக்கு வேலையே. நட்டு, போல்ட்டு, பெல்ட்டு, பேரிங்கு. ஒரு பேரிங்கு வாங்கணும்னாலும் நாலு எடத்துல விசாரிச்சு, சாம்பிள் வரவழைச்சு, ஓட விட்டுப் பாத்துத்தான் கையெழுத்துப் போடுவேன். வீட்டுலயும் அப்படித்தான். மிக்ஸியிலேர்ந்து சீலை வரைக்கும் நான்தான். வடிவு கேட்டு நான் வாங்கினதுன்னு யோசிச்சுப் பாத்தா ஒண்ணும் ஞாபகத்துக்கு வரல. அவ கேக்கறதுக்கு முன்னாலயே வாங்கிப் போட்டுருவேன்.

வடிவுங்கறது அவ பேரு. சண்முகவடிவு. டெலிபோன் ஆபீஸ்ல இருந்தா. அந்தக் காலத்துல டிரங்கு காலுன்னு ஒண்ணு உண்டு, உங்க வயசுக்குத் தெரியாது. வெளியூருக்கு நேரா பேச முடியாது. ஆபீசுக்குச் சொல்லணும். அங்க காதுல மாட்டிக்கிட்டு வரிசையா உக்காந்திருக்கற பொம்பளைங்க அந்த ஊரு ஆபீசக் கூப்பிட்டு, முன்னால இருக்கற போர்டுல ஒயர எடுத்துச் சொருகி, லைன் வாங்கிக் குடுப்பாங்க. அதுதான் அவ வேலை. அப்பறம் மிஷினு வந்து அந்த வேலை போயி, பில் கட்டுற கவுண்டர்ல போட்டுட்டாங்க. அங்கயே ரிட்டயர் ஆனா. உக்காந்த எடத்துல பேசுறதுக்குச் சம்பளமான்னு நான் கேலி பண்ணுவேன். ஆமாங்கன்னு சொல்லிட்டுப் போயிருவா. வாயில்லாத பிறவி.

போன சித்திரையில ஒருநாளு, மாடியில வடகத்தக் காயப்போட்டுட்டு இறங்கி வந்தா. கையத் தொடச்சுக்கிட்டே, "எனக்கு ஒரு கேமரா வேணுங்க"ன்னா.

நான் பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தேன். "போன்லயே இருக்கே"ன்னேன்.

"போன் வேண்டாம். போன் இத்தனை வருஷம் பாத்தாச்சு. வேற வேணும்."

எதுக்குன்னு நான் கேக்கல தம்பி. ஒரு பொம்பள மொத மொத வாயத் தொறந்து ஒரு பொருளு கேக்கறா, அதுக்குப் போயி காரணம் கேட்டா மரியாதையா இருக்குமா? சரி, வாங்கிருவோம்னு சொல்லிட்டேன். பேப்பர மடிச்சு வெச்சுட்டு அன்னைக்கே வேலைய ஆரம்பிச்சிட்டேன்.

என்ன ஒரு கடலுங்கறீங்க. செல்லுல இருக்கற கேமராவ விட்டுருவோம். சட்டைப்பையில போடற சின்னது ஒரு வகை. எல்லாம் அதுவே பாத்துக்கிடும், நாம அமுக்கினாப் போதும். அடுத்தது, லென்ஸு நீண்டுக்கிட்டே போகும், ஆனா கழத்தி மாத்த முடியாது, அது ஒரு வகை. அப்பறம் டி.எஸ்.எல்.ஆரு. கல்யாண வீட்டுல தோள்ல போட்டுக்கிட்டு அலைவாங்களே, அது. உள்ள ஒரு கண்ணாடி இருக்கும், அமுக்கினா அந்தக் கண்ணாடி மேல போயி கீழ வரும், அதான் டக்குனு சத்தம். அந்தக் கண்ணாடிய எடுத்துட்டா மிரர்லெஸு. எடை கம்மி, சத்தமும் கம்மி. அதுதான் இனிமேலுக்குங்கறான் ஒருத்தன். கத்துக்கிடறதுக்கு டி.எஸ்.எல்.ஆர்தான்னு இன்னொருத்தன். வீடியோவுல ஒவ்வொருத்தனும் சத்தியம் பண்ணிச் சொல்றான் தம்பி, ஒருத்தன் சொல்றது இன்னொருத்தனுக்கு ஆகல. சாப்பிட உக்காந்தாலும் காதுல அதான் ஓடிக்கிட்டிருக்கும். தலைவலியே வந்துருச்சு.

வைகாசி கடைசியில அவளக் கூட்டிக்கிட்டு மதுரைக்கு, இந்தக் கடைக்கு வந்தேன். இதே எடம். ராபியாதான் நின்னுக்கிட்டிருந்துச்சு. நல்ல பொண்ணு, கொஞ்சம் வாய் ஜாஸ்தி. நேரா இவளப் பாத்து, "அம்மா, நீங்க எதப் படம் எடுக்கப் போறீங்க? மனுஷங்களயா, ஊரு, மலை இதையெல்லாமா, இல்ல பறவை மாதிரி தூரத்துல இருக்கறதா? அதச் சொன்னீங்கன்னா எடுத்துக் காட்ட லேசா இருக்கும்"னுச்சு.

வடிவு ஏதோ சொல்ல வாயெடுத்தா. கடைக்காரங்க முன்னால அவளுக்குச் சரியாப் பேச வராது. நான்தான் சொன்னேன், "எல்லாந்தாம்மா. கோயிலு, குளம், பேரப்பிள்ளை, பறவை. எதுவந்தாலும் எடுக்கற மாதிரி காட்டு." அந்தப் பொண்ணு இன்னும் அவளையே பாத்துக்கிட்டிருந்துச்சு. அப்பறம் எடுத்துக் காட்டுச்சு.

நான் பெரிசுகள ஒவ்வொண்ணா தூக்கிப் பாத்துக்கிட்டிருக்கேன். திரும்பிப் பாத்தா இவ சின்னது ஒண்ணக் கையில வெச்சிருக்கா. கை மூடினா மறைஞ்சிரும், அந்த அளவு. ராபியா வேற யாருக்கோ பில்லு போட்டுக்கிட்டு இருக்கு, இவ அத நெஞ்சுக்கு நேரா வெச்சு ஒண்ணு எடுத்தா. சத்தமே வரல. அந்தப் பொண்ணுக்கு எடுத்ததே தெரியல. அத எங்கிட்டக் காட்டி, "இது போதுங்க"ன்னா.

போதும்ங்கறது பர்ச்சேஸ்ல கெட்ட வார்த்தை. இன்னைக்குப் போதும், நாளைக்கு? நாளைக்கு ஒரு மீன்கொத்தி தூரத்துல உக்காந்திருக்கு, அப்ப என்ன செய்வ? அதத்தான் கேட்டேன். மீன்கொத்தியான்னா. அப்பறம் கேமராவ வெச்சுட்டா. அன்னைக்கு ஒண்ணும் வாங்காம ஊருக்குத் திரும்பிட்டோம். அவசரப்பட்டு வாங்கினா அவளுக்குத்தானே நஷ்டம்.

ஆனி போச்சு. ஆடியில தள்ளுபடி வரும்னாங்க. ஆடியில போனா ஆவணியில புது மாடலு வருது, பொறுங்கன்னாங்க. நடுவுல ஒருநாள், "முடிவு பண்ணியாச்சா?"ன்னு கேட்டா. "நெருங்கிட்டேன்"னேன். அதுக்கப்பறம் அவ கேக்கல. நச்சரிக்காத பொம்பள, அந்த வகையில நான் குடுத்துவெச்சவன்.

ஆவணியில ஒரு மத்தியானம் அவளுக்குப் போன் வந்துச்சு. கேட்டுட்டு வெச்சா. வெச்ச கையோட அங்கயே உக்காந்துட்டா. குக்கர் கத்துது, எந்திரிக்கல. நான் போயி அடுப்ப அணைச்சிட்டு வந்து என்னன்னு கேட்டேன்.

"ஞானசெல்வம் தவறிட்டாளாம்."

"யாரு அது?"

"கூட வேலை பாத்தவ."

"உங்க ஆபீஸ்ல அப்படி யாரும் இல்லியே."

"நாகர்கோவில்ல இருந்தா."

"நாகர்கோவில்ல இருந்தவ உங்கூட எப்படி வேலை பாத்திருப்பா?"

என்னைப் பாத்துக்கிட்டே இருந்தா. எந்திரிச்சு உள்ள போயிட்டா. ரெண்டு நாளைக்குச் சரியாச் சாப்பிடல. யாரோ எவரோ, சொந்தமும் இல்ல. வயசாச்சுன்னா மனசு இளகிருது.

அவ மனசத் தேத்தணும்னுதான் நான் வேகப்படுத்தினேன். சரஸ்வதி பூஜைக்கு வாங்கிட்டேன். பெரிசு, டி.எஸ்.எல்.ஆரு. ரெண்டு லென்ஸு, அதுல ஒண்ணு தூரத்துல இருக்கறத இழுத்துக் கிட்டக்க கொண்டாந்துரும். மூணு கால் ஸ்டாண்டு, தோள்பை, தொடைக்கற துணி வரைக்கும். பூஜையில வெச்சு, லென்ஸு மூடிமேல சந்தனப்பொட்டு வெச்சு, அவ கையில குடுத்தேன். வாங்கினா. கை தணிஞ்சு போச்சு. "கனமா இருக்குங்க"ன்னா. கனமாத்தான் இருக்கும், சரக்கு உள்ள இருக்குல்லா.

தினமும் சாயங்காலம் சொல்லிக் குடுத்தேன். சாப்பாட்டு மேசையில கத்திரிக்காயும் எலுமிச்சம்பழமும் வரிசையா வெச்சு, எதுக்கு வெளிச்சம் எவ்வளவு விடணும், உள்ள ஷட்டர்ங்கற கதவு எவ்வளவு நேரம் தொறந்திருக்கணும், எல்லாம். அவ ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் டக்குங்கற சத்தத்துக்குக் கண்ண மூடிக்கிடுவா. எடுக்கறவ கண்ண மூடினா எப்படி? கத்திரிக்காயெல்லாம் பிரமாதமா வந்துச்சு. ஆனா அவளுக்கு அதுல ஈடுபாடு இல்ல. கார்த்திகை மழை வந்துச்சு, கேமரா பைக்குள்ள போச்சு, பை பீரோவுக்குள்ள போச்சு. எனக்கு மனசு விட்டுப்போச்சு தம்பி. அவ்வளவு அலைஞ்சிருக்கேன்.

அதுக்கப்பறம் அவ வெளிய போக ஆரம்பிச்சா. காலையில தயிர்சாதம் கட்டி எடுத்துக்கிட்டு, பஸ் ஏறிப் போவா, பொழுது சாயறதுக்குள்ள வந்துருவா. விருதுநகர்ம்பா, சாத்தூர்ம்பா, திருநெல்வேலிம்பா. கோயிலுக்காக்கும்னு நான் நினைச்சுக்கிட்டேன். எங்க போற, யாரப் பாக்கறன்னு கேக்கற ஆளு நான் இல்ல. அவளுக்குச் சுதந்திரம் குடுத்திருக்கேன்.

மாசியில பீரோவத் தொறந்து கேமராவ எடுத்துப் பாத்தா, லென்ஸுக்குள்ள வெள்ளையா நூல் நூலாப் படர்ந்திருக்கு. பூஞ்சக்காளான். அடைச்சே வெச்சிருந்தா வருமாம். உங்களுக்கும் சொல்றேன், வாங்கினா அடிக்கடி எடுத்து வெளிச்சத்துல காட்டணும். அதச் சுத்தம் பண்ணக் குடுக்கலாம்னு இங்க வந்தேன். வந்த எடத்துல ராபியா ஒரு கவர நீட்டுது. "அம்மாவோட பிரிண்டு ரெடி ஆயிருச்சு சார், நீங்களே கொண்டு போயிருங்க"ங்குது.

எந்த அம்மா, எந்த பிரிண்டு? கேட்டா, வடிவு ஐப்பசியிலயே தனியா வந்து, அவ பென்ஷன்ல அந்தச் சின்ன கேமராவ வாங்கிட்டுப் போயிருக்கா. மாசாமாசம் வந்து பிரிண்டு போட்டுக்கிட்டும் போறா. இவ்வளவு நாளு எங்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. வாங்கினதையும் சரியா வாங்கல. வாரண்டி அட்டையில சீலே இல்ல, பின்னால அத எடுத்தாந்து ராபியாகிட்டச் சொல்லி நான்தான் போட்டுக் குடுத்தேன்.

கவரப் பிரிக்கணும்னு நினைக்கல. பிரிண்டு தரம் எப்படின்னு பாக்கத்தான் பிரிச்சேன். எல்லாம் பொம்பளைங்க படம் தம்பி. வயசான பொம்பளைங்க. முகம், முகம், முகம். ஒருத்தி பல்லில்லாமச் சிரிக்கா. ஒருத்தி அரிசி பொடைச்சுக்கிட்டே நிமிர்ந்து பாக்கா. ஒருத்தி கன்னத்துல கைய வெச்சுக்கிட்டு, என்னமோ ரகசியம் சொல்லப்போற மாதிரி கிட்டக்க குனிஞ்சிருக்கா. யாரையும் எனக்குத் தெரியாது. தொட்டுப் பேசற தூரத்துல நின்னு எடுத்திருக்கா. கடைசியில ஒண்ணு, படமே இல்ல, படத்தோட படம். சுவத்துல மாலை போட்டுத் தொங்குதே, செத்தவங்க படம், அத எடுத்திருக்கா. கண்ணாடிச் சட்டத்துல வெளிச்சம் அடிச்சு, இவளே கேமராவும் கையுமா அதுல தெரியறா. செத்தவ முகத்து மேல இவ முகம். பழகாதவங்க செய்யற தப்பு அது. கொஞ்சம் சரிஞ்சு நின்னிருந்தா தெரியாது.

வீட்டுக்குப் போயி கவர மேசையில வெச்சேன். பாத்தா. பயப்படல, ஒண்ணும் இல்ல. உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்து அடுக்கினா.

"யாரு இவங்கள்லாம்?"ன்னேன்.

"இது விருதுநகரு. இது சாத்தூரு. இது திருநெல்வேலி. எல்லாரும் எங்க போர்டு ஆளுங்க. டூட்டியில தினமும் லைன்ல பேசுவோம். பேரு சொல்லிக் கூப்பிட மாட்டோம், ஊரு பேருதான். இவளுக்கு வீட்டுக்காரர் அடிச்சது எனக்குத் தெரியும், இவ மகன் ஓடிப்போனது தெரியும். முகம்தான் தெரியாது. ஒருத்தர ஒருத்தர் பாத்ததே இல்ல. ரிட்டயர் ஆனப்பறம் பாத்துட்டு வந்துரணும்னு நினைச்சேன்."

மாலை போட்ட படத்தக் காட்டி, "இது யாரு?"ன்னேன்.

"நாகர்கோவிலு. ஞானசெல்வம். உங்களுக்கு டைபாய்டு வந்து கிடந்தப்ப இங்க எங்கயும் மருந்து கிடைக்கலல்ல, அவதான் அங்க கடை கடையாக் கேட்டு வாங்கி பஸ்ல குடுத்துவிட்டா."

எனக்கு அந்த மருந்து ஞாபகம் இருக்கு. சிவப்பு மூடி போட்ட பாட்டிலு. யாரு குடுத்துவிட்டான்னு அப்ப நான் கேக்கல.

"ஆனியிலயே போயிருந்தா ஆளப் பாத்திருக்கலாம்"னா.

"ஆனியில கேமரா வாங்கலியே"ன்னேன்.

"ஆமா, வாங்கல"ன்னா. படத்தையெல்லாம் கவருக்குள்ள வெச்சா.

எனக்கு அதுதான் தம்பி ஆறல. எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அதுக்குத் தக்கன தேடியிருப்பேன்ல? கேட்டதுக்கு, "கடையில அந்தப் பொண்ணு கேட்டா"ன்னு மட்டும் சொன்னா. அந்தப் பொண்ணு கேட்டா, சரி, நீ சொல்லலியே. நான்தானே பதில் சொல்லிக்கிட்டிருந்தேன்.

சரி, நடந்தது நடந்துபோச்சு, இனிமே நாமளும் ஒத்தாசையா இருப்போம்னு நினைச்சேன். அடுத்து அவ தூத்துக்குடிக்குக் கிளம்பினப்ப, சுத்தம் பண்ணின பெரிய கேமராவையும் ஸ்டாண்டையும் தூக்கிக்கிட்டு நானும் வாறேன்னேன். கொஞ்சம் யோசிச்சா. சரி, வாங்கன்னா.

சர்ச்சுக்குப் பின்னால ஒரு சந்து. சின்ன வீடு. அமலோற்பவம்னு பேரு. வடிவைவிட மூத்தவங்க. சக்கரை வந்து ரெண்டு கண்ணும் போயிருச்சு, கட்டிலோட கெடக்காங்க. மக மட்டும் கூட இருக்கு. வெளிச்சம் சுத்தமா இல்லாத அறை. நான் ஸ்டாண்ட விரிச்சு, அது நிக்க எடமில்லாம, கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல மல்லாடிக்கிட்டிருக்கேன். சத்தம் கேட்டு அந்தம்மா, "யாரு, யாரு வந்திருக்கா?"ன்னு முகத்த அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பறாங்க. மக சொல்லுது, "கோவில்பட்டியில இருந்து வந்திருக்காங்கம்மா." அவங்களுக்கு விளங்கல. பயந்த மாதிரி இருந்தாங்க.

வடிவு கட்டில்ல உக்காரல. நின்ன எடத்துலயே நின்னு சொன்னா, "ஹலோ தூத்துக்குடி, கோவில்பட்டி பேசுறேன்."

அந்தம்மா அசையாமக் கெடந்தாங்க. அப்பறம் ஒரு கை மெதுவா மேல வந்துச்சு. காதுகிட்டப் போயி, அங்க என்னமோ மாட்டியிருக்கற மாதிரி சரி பண்ணிச்சு.

"சொல்லுங்க கோவில்பட்டி. லைன் நல்லா கேக்குது."

அதுக்குமேல அவங்க ரெண்டு பேரும் பேசினதுல எனக்குப் பாதி புரியல. சூப்பர்வைசரக் கேலி பண்ணுறாங்க, எவனோ ஒரு பஞ்சு வியாபாரி லைன்ல அழுதானாம், அதச் சொல்லிச் சிரிக்காங்க. அந்தம்மா முகத்தப் பாக்கணுமே தம்பி. நான் ஸ்டாண்டோட திருகாணிய முறுக்கிக்கிட்டே இருந்தேன், முடிக்கறதுக்குள்ள இவ பையிலேர்ந்து அந்தச் சின்னத எடுத்து, பேசிக்கிட்டே, சத்தமில்லாம எடுத்து, மறுபடி பையில போட்டுட்டா.

ஆனா நான் படத்தச் சொல்ல வரல. குரலச் சொல்றேன். அது எம்பொண்டாட்டி குரலே இல்ல. நிமிர்ந்த குரலு. சிரிப்பு இருக்கு, ஒரு அதிகாரம் இருக்கு. அடுத்த வார்த்தை எங்க வரும்னு தெரிஞ்சு பேசற குரலு. எங்க வீட்டுல அப்படி ஒரு குரல நான் கேட்டதே கிடையாது. இத்தனை வருஷம் அத எங்க வெச்சிருந்தான்னு எனக்குத் தெரியல.

திரும்பி வரும்போது பஸ்ல அவகிட்டக் கேட்டேன். சங்கடமாத்தான் இருந்துச்சு, இருந்தாலும் கேட்டேன். "அந்தக் குரல்ல எங்கிட்டயும் ஒருதரம் பேசேன்."

சன்னல் பக்கம் பாத்துக்கிட்டே சொன்னா, "அது எதிர் முனையில ஆளு இருந்தாத்தாங்க வரும்."

"நான்தான் பக்கத்துலயே இருக்கேனே"ன்னேன். அவ தூங்கிட்டா.

அதான் தம்பி, இப்ப நான் வந்திருக்கறது கேமராவுக்கு இல்ல. மைக்குக்கு. அந்தக் குரலப் பதிஞ்சு வெச்சிரணும். அடுத்த தடவை அவங்க ரெண்டு பேரும் பேசும்போது சுத்தமாப் பிடிச்சிரணும். அதுலயும் பல வகை இருக்கு. சட்டைக் காலர்ல குத்தறது ஒண்ணு, கேமரா தலையில மாட்டறது ஒண்ணு, மேசையில வெக்கறது ஒண்ணு. ராபியா போன வாரமே ஒண்ண எடுத்துக் காட்டி, இதுவே நல்லாருக்கும் சார்னுச்சு. நல்லாத்தான் இருக்கு. ஆனா ஃபேன் சத்தத்த எது வடிகட்டும்னு தெரியணும், இன்னும் ரெண்டு கடையில விசாரிக்கணும். எதையும் ஓட விட்டுப் பாக்காம வாங்கக்கூடாது.

நேத்து அந்த வீட்டுலேர்ந்து போன் வந்துச்சு. அமலோற்பவத்தம்மாவுக்கு உடம்பு ரொம்ப முடியலையாம், சோறு இறங்கலையாம். வடிவு இன்னைக்குக் காலையிலயே பஸ் ஏறிட்டா. என்னையும் கூப்பிட்டா, வாறீங்களான்னு. மைக்கு இல்லாம வந்து நான் என்ன செய்யப்போறேன், நீ போயிட்டு வா, நான் மதுரைக்குப் போயி இத முடிச்சுட்டு அடுத்த தடவை கூட வாறேன்னு சொல்லிட்டேன்.

இந்தா, ராபியா வந்துருச்சு. நீங்க மொதல்ல போங்க தம்பி. எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல.